அமெரிக்க வேலையில் மருத்துவக் காப்பீடு: திட்டம் எடுப்பது முதல் எச்.எஸ்.ஏ., எஃப்.எஸ்.ஏ. வரை முழு வழிகாட்டி

அடுத்த வருடத்துக்கான காப்பீட்டுத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் 'ஓப்பன் என்ரோல்மென்ட்' மின்னஞ்சல் அலுவலகத்திலிருந்து வந்ததும் நம்மவர்களில் பலர் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். சம்பளத்தில் எது குறைவாகப் பிடிக்கிறதோ அந்தத் திட்டத்தை எடுப்பார்கள். இல்லையென்றால் டீமில் சீனியராக இருக்கும் நண்பர் எதை எடுத்தாரோ அதையே எடுப்பார்கள். போன வருடத் தேர்வை அப்படியே விட்டுவிடுபவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஒரு பிரசவமோ, ஒரு குடல்வால் அறுவை சிகிச்சையோ பல ஆயிரம் டாலரில் பில் போடும் விஷயம். ஒரு மாலை நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டால் அந்தத் தொகையில் கணிசமான பகுதி உங்கள் கையிலேயே நிற்கும். இதற்காகத்தான் இந்த வழிகாட்டி. இதிலுள்ள வரம்புகள் எல்லாம் 2026-க்கானவை. ஒவ்வொரு வருடமும் மாறுபவை.

வேலையையும் காப்பீட்டையும் இந்த நாடு ஏன் இப்படி முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், சம்பள உயர்வுக்கு அரசு உச்சவரம்பு போட்டது. கூடுதல் சம்பளம் கொடுக்க முடியாத கம்பெனிகள் மருத்துவக் காப்பீட்டைக் காட்டி ஆள் பிடித்தன. 1954 வருமான வரிச் சட்டம் அதற்கு வரிவிலக்கை உறுதி செய்தது. அன்று விழுந்த முடிச்சு இன்றுவரை அவிழவில்லை.

படி 1: மூன்று தாள்களை எடுத்து வையுங்கள்

முதலாவது, ஒவ்வொரு திட்டத்துக்கும் உள்ள 'எஸ்.பி.சி.' என்ற சுருக்கத் தாள். எல்லாக் காப்பீட்டு நிறுவனங்களும் இதை ஒரே வடிவத்தில் தரவேண்டும் என்பது சட்டம். அதனால் இரண்டு திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். இரண்டாவது, ஒவ்வொரு சம்பளத்திலும் பிடிக்கும் தொகைப் பட்டியல். மாதம் இருமுறை சம்பளம் என்றால் 24-ஆலும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் 26-ஆலும் பெருக்கி வருடத் தொகையாக மாற்றி எழுதுங்கள். மூன்றாவது, உங்கள் மருத்துவச் செலவுக்கான கணக்கில் (எச்.எஸ்.ஏ. போன்றவை; படி 4-ல் விளக்கம்) கம்பெனி தன் பங்காக ஏதாவது போடுகிறதா என்ற விவரம். இதைப் பலர் பார்ப்பதே இல்லை.

எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அதே வேலை செய்யும் அமெரிக்க ஊழியருக்குத் தரும் சலுகைகளை அதே அடிப்படையில் உங்களுக்கும் தரவேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் 50 முழுநேர ஊழியர்களுக்குக் குறைவான கன்சல்டன்சிகள் யாருக்குமே காப்பீடு தராமல் இருக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் சேர்வதாக இருந்தால், ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள். அங்கே கிடைக்காவிட்டால், தனிநபர்கள் காப்பீடு வாங்கும் அரசின் மார்க்கெட்பிளேஸ் தளத்தில் நீங்களே வாங்கலாம். விசா அதற்குத் தடையில்லை.

படி 2: நான்கு சொற்கள் புரிந்தால் போதும்

பிரீமியம் என்பது நோய் வந்தாலும் வராவிட்டாலும் கட்டுவது. டிடக்டிபிள் என்பது காப்பீடு கைகொடுக்கத் தொடங்கும் முன் நீங்கள் சொந்தப் பணத்தில் கட்டவேண்டிய தொகை. அதைத் தாண்டிய பிறகு பில்லில் ஒரு பங்கு உங்களுடையது. அது சதவீதமாக இருந்தால் கோஇன்சூரன்ஸ், டாக்டரைப் பார்க்க 30 டாலர் என்பது போல நிலையான தொகையாக இருந்தால் கோபே. நான்காவதுதான் மிக முக்கியம்: அவுட்-ஆஃப்-பாக்கெட் மேக்ஸிமம். பிரீமியம் தவிர, ஒரு வருடத்தில் நீங்கள் கட்டக்கூடிய உச்சம் அதுதான். நெட்வொர்க்குக்குள் (காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர்கள், மருத்துவமனைகள்), திட்டம் ஏற்கும் சிகிச்சைக்கு, அதற்கு மேல் ஒரு டாலர்கூட உங்கள் தலையில் விழாது. 2026-ல் சட்டப்படி இந்த உச்சம் தனிநபருக்கு 10,600 டாலரையும் குடும்பத்துக்கு 21,200 டாலரையும் தாண்டக்கூடாது. பல கம்பெனித் திட்டங்களில் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

குடும்பத் திட்டம் எடுப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். சில திட்டங்களில் குடும்ப டிடக்டிபிளுக்குள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அளவு இருக்கும். வேறு சிலவற்றில், ஒருவருக்கு மட்டும் நோய் வந்தாலும் முழுக் குடும்ப டிடக்டிபிளும் தீர்ந்த பிறகுதான் காப்பீடு தொடங்கும். ஒரே ஒருவர் மட்டும் தொடர் சிகிச்சையில் இருக்கும் வீட்டில் இது பெரிய வித்தியாசம்.

பி.பி.ஓ., எச்.எம்.ஓ. என்ற பெயர்களைப் பார்த்துக் குழம்பவேண்டாம். பி.பி.ஓ.-வில் ஸ்பெஷலிஸ்டை நேரடியாகப் பார்க்கலாம். நெட்வொர்க்குக்கு வெளியே போனாலும் கொஞ்சம் தருவார்கள். எச்.எம்.ஓ.-வில் முதலில் உங்கள் குடும்ப டாக்டர், அவர் எழுதிக்கொடுத்தால்தான் ஸ்பெஷலிஸ்ட். வெளியே போனால், அவசரம் தவிர, எதுவும் கிடையாது.

படி 3: மூன்று வருடங்களைக் கணக்குப் போடுங்கள்

பிரீமியத்தைப் பார்த்து முடிவெடுப்பது தவறு என்று நான் அடித்துச் சொல்லக் காரணம் இந்தப் படிதான். ஒவ்வொரு திட்டத்துக்கும் மூன்று கற்பனை வருடங்களை எழுதிப் பாருங்கள்: நோய் நொடி இல்லாத வருடம், ஒரு பிரசவமோ அறுவை சிகிச்சையோ வரும் வருடம், எல்லாமே கைமீறிப் போகும் வருடம்.

ஒரு மாதிரிக் கணக்கு. 'அ' என்பது பி.பி.ஓ.: மாதம் 450 டாலர், குடும்ப டிடக்டிபிள் 1,500, கோஇன்சூரன்ஸ் 20 சதவீதம், உச்சம் 8,000. 'ஆ' என்பது டிடக்டிபிள் அதிகமான எச்.டி.எச்.பி.: மாதம் 250, டிடக்டிபிள் 4,000, கோஇன்சூரன்ஸ் அதே 20 சதவீதம், உச்சம் 10,000. 'ஆ' எடுத்தால் கம்பெனி உங்கள் எச்.எஸ்.ஏ. கணக்கில் 1,500 டாலர் போடுகிறது.

நல்ல வருடம், மொத்தச் செலவு 1,000 டாலர் என்று வையுங்கள். 'அ'-வில் பிரீமியம் 5,400, செலவு 1,000, ஆக 6,400. 'ஆ'-வில் பிரீமியம் 3,000, செலவு 1,000, கம்பெனி தந்த 1,500-ஐக் கழித்தால் 2,500.

பிரசவ வருடம், பில் 30,000. 'அ'-வில் டிடக்டிபிள் 1,500, மீதி 28,500-ல் 20 சதவீதம் 5,700, பிரீமியத்தோடு 12,600. 'ஆ'-வில் டிடக்டிபிள் 4,000. மீதி 26,000-ல் 5,200. பிரீமியம் சேர்த்து, கம்பெனிப் பணம் கழித்து 10,700.

மோசமான வருடம், இரண்டிலும் உச்சத்தைத் தொடுகிறீர்கள். 'அ' 13,400. 'ஆ' 11,500.

'டிடக்டிபிள் 4,000-ஆ, ஐயோ' என்று ஒதுக்கப்படும் திட்டம் மூன்று வருடங்களிலும் மலிவாக வருகிறது. அதற்காக எச்.டி.எச்.பி.-யே எப்போதும் சிறந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே கணக்கில் 'ஆ'-வின் பிரீமியம் மாதம் 400, கம்பெனி ஒன்றும் போடவில்லை என்று மாற்றிப் பாருங்கள். நல்ல வருடத்தில் 5,800, அப்போதும் 'ஆ' மலிவு. மோசமான வருடத்திலோ 14,800. 'அ'-வைவிட 1,400 டாலர் அதிகம். வீட்டில் சர்க்கரை, இதயநோய் என்று நிரந்தரச் சிகிச்சை இருந்தால் அப்போது பி.பி.ஓ.தான் சரி. உங்கள் கம்பெனியின் எண்களைப் போட்டுத்தான் விடை காண முடியும்; நண்பரின் கம்பெனி எண்கள் உதவாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எச்.டி.எச்.பி.-யில் டிடக்டிபிள் தொகை ஜனவரி மாதமே ஒரே பில்லாக வந்து நிற்கலாம். சேமிப்பில் அந்தத் தொகை இல்லாத, புதிதாக வந்து இறங்கிய குடும்பம் முதல் வருடம் பி.பி.ஓ. எடுப்பதில் தவறே இல்லை.

படி 4: எந்தக் கணக்கு?

வரி பிடிக்கும் முன்பே சம்பளத்திலிருந்து மருத்துவச் செலவுக்கென்று ஒதுக்கிவைக்கும் கணக்குகள் இவை. எஃப்.எஸ்.ஏ., எச்.எஸ்.ஏ. என்று ஒரே எழுத்து வித்தியாசத்தில் பெயர் இருந்தாலும், குணத்தில் இரண்டும் எதிர்த் துருவங்கள்.

எஃப்.எஸ்.ஏ. உங்கள் கம்பெனியைச் சேர்ந்தது. 2026-ல் ஒருவர் 3,400 டாலர் வரை ஒதுக்கலாம். வருடத்துக்குள் செலவழிக்காவிட்டால் பணம் போய்விடும். கம்பெனி விரும்பினால் 680 டாலர் வரை அடுத்த வருடத்துக்கு எடுத்துப்போக விடலாம், அல்லது இரண்டரை மாத அவகாசம் தரலாம். இரண்டும் சேர்ந்து கிடைக்காது, எதுவுமே தராமலும் இருக்கலாம். போன வருடத் தேர்வு தானாகத் தொடரும் என்றும் நினைக்காதீர்கள். வருடா வருடம் புதிதாகத் தொகை எழுதவேண்டும்.

ஆனால் இதில் பலரும் கவனிக்காத நன்மை ஒன்று இருக்கிறது. நீங்கள் 3,400 எழுதினால், சம்பளத்தில் இன்னும் பிடிக்காவிட்டாலும், திட்டத்தின் முதல் நாளிலிருந்தே முழு 3,400-ம் உங்களுக்குக் கிடைக்கவேண்டும். பிள்ளைக்குப் பல்லில் கிளிப் போடவேண்டும், கண்ணுக்கு லேசிக் செய்யவேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் எஃப்.எஸ்.ஏ. மிகப் பொருத்தம். ஜனவரியில் முழுத் தொகையையும் செலவழித்துவிட்டு மார்ச்சில் வேலை மாறினால், பிடிக்காமல் போன மீதியைக் கம்பெனி உங்களிடம் கேட்க முடியாது. மறுபக்கம், செலவழிக்காத பணத்தோடு வேலையை விட்டால், அது கம்பெனிக்கே போய்விடும்.

எச்.எஸ்.ஏ. உங்களுடையது. 2003 டிசம்பரில் கையெழுத்தான சட்டத்தால், 2004 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. தகுதியான எச்.டி.எச்.பி. இருந்தால்தான் பணம் போட முடியும். 2026-ல் அந்தத் திட்டத்தின் டிடக்டிபிள் தனிநபருக்குக் குறைந்தது 1,700, குடும்பத்துக்கு 3,400 இருக்கவேண்டும். போடக்கூடிய உச்சம் தனிநபருக்கு 4,400, குடும்பத்துக்கு 8,750. வயது 55 ஆகிவிட்டால் இன்னும் 1,000. கம்பெனி போடும் பணமும் இந்த உச்சத்துக்குள்தான் அடக்கம். இதைக் கவனிக்காமல் கூடுதலாகப் போட்டு, வரி தாக்கல் செய்யும் கெடுவுக்குள் திரும்ப எடுக்காவிட்டால், அந்தக் கூடுதல் தொகைக்கு வருடா வருடம் 6 சதவீத அபராதம்.

எச்.எஸ்.ஏ.-வின் சிறப்பு என்ன? போடும்போது வரி இல்லை, வளரும்போது வரி இல்லை, மருத்துவத்துக்கு எடுக்கும்போதும் வரி இல்லை. ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கான 401(கே)-வில்கூட இந்த மூன்றும் சேர்ந்து கிடைக்காது. சம்பளத்தின் வழியாகப் போட்டால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரியான 7.65 சதவீதமும் மிச்சம். நீங்களே வங்கியிலிருந்து போட்டால் வருமான வரிச் சலுகை மட்டும்தான். 22 சதவீத வரம்பில் இருப்பவர் சம்பளம் வழியாக 1,000 டாலர் போட்டால் ஏறக்குறைய 296 டாலர் வரி மிஞ்சும். கலிபோர்னியாவும் நியூஜெர்சியும் மட்டும் மாநில வரியில் இந்தச் சலுகையை ஏற்பதில்லை. பே ஏரியாவிலும் எடிசனிலும் நம்மவர்கள் நிறைய இருப்பதால் சொல்கிறேன்: மத்திய வரிச் சலுகைக்காகவே அங்கேயும் இது லாபம்தான், ஆனால் மாநில வரித் தாக்கலில் அந்தத் தொகையைத் திரும்பச் சேர்க்கவேண்டும்.

கையிருப்பு உள்ளவர்களுக்கு இன்னொரு வழி. எச்.எஸ்.ஏ.-விலிருந்து பணம் திரும்ப எடுக்கக் கால வரம்பு கிடையாது. இன்றைய பல் மருத்துவர் பில்லைச் சொந்தப் பணத்தில் கட்டிவிட்டு, ரசீதைப் பத்திரமாக ஸ்கேன் செய்து வைத்து, கணக்கில் உள்ள பணத்தை முதலீடாக வளரவிட்டுப் பல வருடம் கழித்துக்கூட அந்தத் தொகையை வரியின்றி எடுக்கலாம். செலவு நடந்த தேதி கணக்குத் தொடங்கிய தேதிக்குப் பிறகு இருக்கவேண்டும். அதனால் தகுதி வந்தவுடன் சிறு தொகை போட்டாவது கணக்கைத் திறந்துவிடுங்கள். முதலீடு செய்யும்போது ஒரு வருட டிடக்டிபிள் அளவை ரொக்கமாக விட்டுவைப்பது நல்லது.

எச்.ஆர்.ஏ. என்பது முழுக்கக் கம்பெனி போடும் பணம். கம்பெனி சொல்லும் விதிப்படி செலவழிக்கலாம், பெரும்பாலும் வேலையோடு போய்விடும். டிபென்டன்ட் கேர் எஃப்.எஸ்.ஏ. மருத்துவத்துக்கு அல்ல, டேகேருக்கு. 2026 முதல் அதன் வரம்பு 5,000-லிருந்து 7,500 டாலராக உயர்ந்திருக்கிறது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும், சிறு குழந்தை உள்ள வீடு இதை விடவே கூடாது.

படி 5: இருவரும் வேலை பார்க்கும் வீட்டில் கவனம்

கணவர் தன் கம்பெனியில் எச்.டி.எச்.பி.-யும் எச்.எஸ்.ஏ.-வும் எடுக்கிறார். மனைவி தன் கம்பெனியில் சாதாரண எஃப்.எஸ்.ஏ. எடுக்கிறார். இரண்டும் தனித்தனிக் கம்பெனிகள்தானே என்று தோன்றும். ஆனால் மனைவியின் எஃப்.எஸ்.ஏ. கணவரின் செலவுக்கும் பயன்படும் என்பதால், கணவர் எச்.எஸ்.ஏ.-வில் பணம் போடும் தகுதியையே இழக்கிறார். போன வருட எஃப்.எஸ்.ஏ. மீதி இந்த வருடத்துக்கு வந்திருந்தாலும் இதே கதைதான். இரண்டு கம்பெனியின் எச்.ஆரும் இதை உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். ஒருவருக்கு மற்றவர் தேர்வு தெரியாது. பல்லுக்கும் கண்ணுக்கும் மட்டுமான 'லிமிடெட் பர்ப்பஸ்' எஃப்.எஸ்.ஏ. எடுத்தால் சிக்கலில்லை. இருவரும் எச்.எஸ்.ஏ. வைத்திருந்தால், குடும்ப உச்சமான 8,750 இருவருக்கும் சேர்த்துத்தான்; ஆளுக்கு ஒன்று அல்ல.

படி 6: எதற்குச் செலவழிக்கலாம், ஊரில் செய்யும் வைத்தியம், பெற்றோர்

டாக்டர் பில், மருந்து, கண்ணாடி, பல் சிகிச்சை, ரத்த அழுத்தக் கருவி, சர்க்கரைப் பரிசோதனைப் பட்டைகள், அக்குபங்சர் எல்லாம் செல்லும். 2020-ல் வந்த கேர்ஸ் சட்டத்துக்குப் பிறகு, சீட்டு இல்லாமல் வாங்கும் டைலினாலும் சானிட்டரி நாப்கினும்கூடச் செல்லும். பற்பசை, பொதுவான வைட்டமின், அழகு சிகிச்சை செல்லாது. 65 வயதுக்கு முன் மருத்துவம் அல்லாததற்கு எச்.எஸ்.ஏ. பணத்தை எடுத்தால் வருமான வரியோடு 20 சதவீத அபராதமும் உண்டு.

விடுமுறைக்குச் சென்னையோ கோவையோ போகும்போது பல்லில் ரூட் கெனால் செய்துகொள்பவர்கள் ஏராளம். அந்தச் செலவுக்கும் எச்.எஸ்.ஏ., எஃப்.எஸ்.ஏ. பணத்தை எடுக்கலாம்; சிகிச்சை அமெரிக்காவில்தான் நடக்கவேண்டும் என்று விதி இல்லை. நோயாளி பெயர், தேதி, என்ன சிகிச்சை, எவ்வளவு என்று தெளிவாக ஆங்கிலத்தில் பில் வாங்குங்கள். உங்கள் கிரெடிட் கார்டில் கட்டிவிட்டு, அன்றைய டாலர் மதிப்பில் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து என்றால், டாக்டர் சீட்டோடு அங்கேயே வாங்கி அங்கேயே உட்கொண்டதாகவும் இரு நாட்டிலும் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதாகவும் இருக்கவேண்டும். பெட்டியில் கட்டிக் கொண்டுவந்த ஆறு மாத மாத்திரைக்குச் செல்லாது. குடும்பத்தைப் பார்க்கப் போன விமான டிக்கெட்டையும் இதில் சேர்க்காதீர்கள்.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் மருத்துவச் செலவுக்கு இந்தப் பணத்தை எடுக்க முடியாது. மாதாமாதம் நீங்கள்தான் பணம் அனுப்புகிறீர்கள் என்றாலும், இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமக்களை அமெரிக்க வரிச் சட்டம் உங்களைச் சார்ந்தவர்களாக ஏற்பதில்லை. அவர்கள் ஆறு மாதம் இங்கே வந்து தங்கும்போதும் கம்பெனித் திட்டத்தில் பொதுவாகச் சேர்க்க முடியாது. தனியாக விசிட்டர் இன்சூரன்ஸ் வாங்குங்கள். வாங்கும்போது, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இதயநோய் சார்ந்த சிகிச்சைக்கு எவ்வளவு தருவார்கள் என்ற பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். அந்தப் பகுதியில்தான் கதவு மூடியிருக்கும்.

படி 7: கல்யாணம், குழந்தை: 30 நாள்

வருட நடுவில் ஆளைச் சேர்க்க, கம்பெனித் திட்டங்களில் பொதுவாக 30 நாள்தான். குழந்தை பிறந்தால் அந்த 30 நாளுக்குள் எச்.ஆர். தளத்தில் பதிவு செய்யுங்கள். காப்பீடு பிறந்த தேதியிலிருந்தே கணக்காகும். சோஷியல் செக்யூரிட்டி எண் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். எண் பிறகு கொடுக்கலாம், 30 நாள் திரும்ப வராது.

மதுரையில் கல்யாணம் முடித்து, விசா கிடைத்து மனைவி இங்கே வந்து சேர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். கல்யாணத்துக்கான 30 நாள் கணக்கு தாலி கட்டிய தேதியிலிருந்தே ஓடத் தொடங்குகிறது. வந்து இறங்கிய நாளைச் சில கம்பெனிகள் தனிக் காரணமாக ஏற்கும், சில ஏற்காது. ஊருக்குக் கிளம்பும் முன்பே எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

படி 8: பில் வந்தால் உடனே கட்டாதீர்கள்

முதலில் வருவது காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் இ.ஓ.பி. என்ற விளக்கத் தாள்; 'இது பில் அல்ல' என்று அதிலேயே எழுதியிருக்கும். மருத்துவமனை கேட்டது எவ்வளவு, காப்பீடு ஒப்புக்கொண்டது எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு என்பது அதில் இருக்கும். மருத்துவமனை பில்லும் இ.ஓ.பி.-யும் பொருந்தினால் மட்டும் கட்டுங்கள். பொருந்தாவிட்டால் வரிவாரியான பில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

நெட்வொர்க்கில் உள்ள மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தும், மயக்க மருந்து டாக்டர் நெட்வொர்க்கில் இல்லை என்று தனியாகப் பெரிய பில் வருவது முன்பு சகஜம். 2022 ஜனவரி முதல் 'நோ சர்ப்ரைசஸ்' சட்டம் அதைத் தடுக்கிறது. அவசர சிகிச்சைக்கும் அதே பாதுகாப்பு உண்டு. சாலையில் ஓடும் ஆம்புலன்ஸ் மட்டும் அந்தச் சட்டத்தில் சேரவில்லை.

வருடாந்திரப் பரிசோதனை இலவசம் என்று போயிருந்தும் பில் வந்தால், அன்று டாக்டரிடம் முதுகுவலி பற்றியும் பேசினீர்களா என்று யோசியுங்கள். அதைத் தனி ஆலோசனையாகப் போட்டிருப்பார்கள். தடுப்பூசிக்கும் பரிசோதனைக்கும் மட்டும் வந்திருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடலாம்.

காப்பீடு மறுத்தால் 180 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதுவும் தோற்றால் வெளியார் மறுஆய்வு உண்டு. லாபநோக்கற்ற மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் நிதி உதவித் திட்டம் இருந்தாகவேண்டும்; முதல் பில் வந்து 240 நாள் வரை விண்ணப்பிக்கலாம். கேட்கக் கூச்சப்படவேண்டாம். இவ்வளவு பெரிய பில்லை அச்சடித்து அனுப்ப அவர்களுக்குக் கூச்சம் இல்லை.

படி 9: வேலை போனால், ஊருக்குத் திரும்பினால்

காப்பீடு எந்தத் தேதியில் முடிகிறது என்பதை முதலில் கேளுங்கள். சில இடத்தில் கடைசி வேலை நாள், சில இடத்தில் மாதக் கடைசி. 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள கம்பெனி என்றால், வேலை போன பிறகும் காப்பீட்டைத் தொடர வழிசெய்யும் கோப்ரா சட்டத்தின் வழியாக அதே திட்டத்தை 18 மாதம் வரை தொடரலாம். ஆனால் கம்பெனியின் பங்கையும் சேர்த்து, மொத்தத்தில் 102 சதவீதம் வரை நீங்களே கட்டவேண்டும். முடிவெடுக்க 60 நாள், எடுத்த பிறகு முதல் தவணை கட்ட 45 நாள் அவகாசம். கோப்ரா பின்தேதியிட்டுச் செல்லும் என்பதால், அந்த 60 நாளுக்குள் ஏதாவது நேர்ந்தால் அப்போது எடுத்தாலும் விட்டுப்போன தேதியிலிருந்தே செல்லும். விட்டுப்போன மாதங்களின் பிரீமியத்தைக் கட்டவேண்டும். எச்-1பி-காரர்களுக்கு நாட்டில் இருக்கக் கிடைக்கும் அவகாசமும் அதிகபட்சம் 60 நாள்தான் என்பதால், வேறு வேலை தேடும் ஆரோக்கியமான தனிநபருக்கு இது பெரிய ஆறுதல். வீட்டில் கர்ப்பிணியோ தொடர் சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால் காத்திருக்காமல் உடனே எடுத்துவிடுங்கள்.

வேலையின் கடைசி நாளுக்கு முன் எஃப்.எஸ்.ஏ.-வைக் காலி செய்யுங்கள்: கண்ணாடி, பல், மருந்து எதுவாக இருந்தாலும் அந்தத் தேதிக்குள் நடந்திருக்கவேண்டும். எச்.எஸ்.ஏ. உங்களோடு வரும். கோப்ரா பிரீமியத்தைக்கூட அதிலிருந்து கட்டலாம். நிரந்தரமாக ஊருக்குத் திரும்பினாலும் கணக்கு உங்களுடையதுதான். புதிதாகப் போட முடியாது, மருத்துவத்துக்கு எடுக்கலாம். கிளம்பும் முன் கம்பெனி வழிக் கணக்கிலிருந்து கட்டணம் குறைவான வேறொரு எச்.எஸ்.ஏ.-வுக்குப் பணத்தை மாற்றி, மின்னஞ்சல் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் உங்கள் சொந்தமானதாக மாற்றிவிடுங்கள். திரும்பிய பிறகு அந்தக் கணக்கின் வருமானத்தை இந்திய வரியில் எப்படிக் காட்டுவது என்பதை, இரு நாட்டு வரியும் தெரிந்த ஆடிட்டரிடம் முதல் வருடத்திலேயே கேட்டுவிடுங்கள்.